ரேம் பத்தலைன்னு யார் சொன்னது?

செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. ஊர் என்றால் கொத்தமங்கலம். ஆங்கிலத்தில் தட்டித் தேடினால் கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டத்தில் இருக்கிற கோதமங்கலம்தான் முதலில் வந்து நிற்கும். நான் சொல்வது காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டுக் கொத்தமங்கலம். இங்கே "பொட்டி தட்டப் படிக்கிற பிள்ளை" என்று ஒரு பெயர் வந்துவிட்டால் தொலைந்தோம். பிரிண்டர் ஓடவில்லை என்றாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள், டிஷ்ஷில் படம் வரவில்லை என்றாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள் :-)

இந்த முறை கூப்பிட்டது மாமா. அவருக்கு ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிற பட்டறை. வீட்டு முகப்பில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு பழைய பொட்டி, அதில் தண்டர்பேர்ட். ஆர்டர், அளவு, கட்டட வரைபடம், பூ டிசைன், கல் உடைந்து வந்து சேர்ந்ததாக நடக்கும் சண்டை, எல்லாமே மின்மடலில்தான்.

"மாப்ள, மெயிலைத் தொறந்தா சிஸ்டமே படுத்துருது. சர்வீஸ் பண்ற தம்பி வந்து பார்த்துச்சு. ரேம் பத்தலையாம். ஃபார்மட் அடிச்சு ரேம் போடணும், இல்லாட்டி புதுசா வாங்கிருங்கன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. நாளைக்கு வருது."

"நாளைக்கா? மாமா, பழைய மெயிலெல்லாம் எங்க இருக்குன்னு அவர்ட்ட கேட்டீங்களா?"

"அதான் நெட்ல இருக்கும்ல?"

அந்த ஒரு பதிலில்தான் இந்தப் பதிவு பிறந்தது. ஏனென்றால் அதில் பாதி நெட்டில் இல்லை.

மாமாவிடம் இரண்டு கணக்குகள். ஒன்று ஜிமெயில், ஐமேப் முறையில் இணைத்தது. அதில் மூலம் சர்வரில் இருக்கும், பொட்டியில் இருப்பது நகல். இன்னொன்று பட்டறையின் பெயரிலேயே டொமைன் வாங்கி வைத்த பழைய கணக்கு, பாப் முறையில் இணைத்தது. பாப் என்பது தபால் பெட்டியைத் திறந்து கடிதத்தை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்துவிடுகிற மாதிரி. "சர்வரிலும் ஒரு நகல் வை" என்று சொல்லி வைக்கலாம்தான். தண்டர்பேர்டில் புதுக் கணக்கு போட்டால் அது இயல்பாகவே டிக் ஆகியிருக்கும். ஆனால் கூடவே "14 நாள் வரை மட்டும்" என்றும் டிக் ஆகியிருக்கும். அதை யார் பார்க்கிறார்கள்?

ஆக 11 வருட வியாபாரக் கடிதங்கள் இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தன. மாமா வீட்டு முகப்பில், தூசி படிந்த ஒரு ஹார்ட் டிஸ்கில். ஃபார்மட் அடித்திருந்தால் ரேம் பிரச்சினை நிச்சயம் தீர்ந்திருக்கும். கடிதமே இல்லாத மெயில் புரோகிராம் ரொம்ப வேகமாக ஓடும் :-(

அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெயில் புரோகிராம் ரேமைத் தின்கிறது என்றால், எது தின்கிறது என்று அளந்து பார்க்காமல் ரேம் வாங்குவதும் ஃபார்மட் அடிப்பதும் வைத்தியமே கிடையாது. பெரும்பாலும் குற்றவாளி நாம் சேர்த்து வைத்த குவியலும், நம்மைக் கேட்காமலேயே அது சேர்த்துக்கொண்ட குவியலும்தான். புரோகிராமின் உண்மையான ஓட்டை அதற்கப்புறம்தான் வரும். அந்த வரிசையில் தேடினால் பணமும் மிஞ்சும், கடிதமும் மிஞ்சும்.

முதலில் ஒரு சொல் குழப்பம். "மெமரி ஃபுல்" என்று நாம் இரண்டுக்கும் சொல்கிறோம். போனில் போட்டோ வைக்க இடமில்லை என்றாலும் மெமரி ஃபுல், பொட்டி திணறினாலும் மெமரி ஃபுல். முதலாவது டிஸ்க், இரண்டாவது ரேம். டிஸ்க் என்பது சாமான் அறை. ரேம் என்பது வேலை செய்கிற மேஜை. அறையில் எவ்வளவு அடுக்கி வைத்திருந்தாலும் மேஜை நிறையாது. அதில் எதையெல்லாம் எடுத்து வந்து மேஜையில் பரப்புகிறோம் என்பதுதான் கேள்வி. இது தெரியாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆயிரம் மடல்களை அழித்துவிட்டு "அப்பவும் வேகம் வரலையே" என்று புலம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது டாஸ்க் மேனேஜரில் தெரிகிற எண். அதைப் பார்த்ததும் பதறக் கூடாது. ரேம் காலியாகக் கிடப்பதில் யாருக்கும் லாபமில்லை. இடம் இருந்தால் புரோகிராம்கள் கொஞ்சம் கூடுதலாக எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். 16 ஜிபி உள்ள பொட்டியில் மெயில் புரோகிராம் 700 எம்பி எடுத்தால் அது ஒரு செய்தியே இல்லை. கவலைப்பட வேண்டியது இரண்டு நிலைமைகளில். ஒன்று, ஒரு வேலையும் செய்யாமல் சும்மா விட்டாலும் எண் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போய் இறங்காமல் நிற்பது. இரண்டு, ரேம் தீர்ந்துபோய் விண்டோஸ் டிஸ்கையே ரேம் மாதிரி பயன்படுத்த ஆரம்பிப்பது. சுழலுகிற பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அப்போதுதான் பொட்டி உண்மையில் படுக்கும்.

மாமாவின் பொட்டியில் மொத்தமே 4 ஜிபி. அதில் தண்டர்பேர்ட் மட்டும் 2.4 ஜிபி பிடித்திருந்தது. பாக்கியில்தான் விண்டோஸ், ஆன்டிவைரஸ், டேலி, குரோம் எல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி யோசித்துவிட்டு அப்புறம் நகர்ந்தது. முடியல!

இது எதனால் என்று புரிய, தண்டர்பேர்ட் மடல்களை எப்படி வைத்திருக்கிறது என்று தெரிய வேண்டும். ரொம்ப நுட்பமெல்லாம் இல்லை, பயப்படாதீர்கள்.

இயல்பாக அது பயன்படுத்துவது எம்பாக்ஸ் என்ற பழைய முறை. ஒரு ஃபோல்டருக்கு ஒரே ஒரு ஃபைல். இன்பாக்ஸில் 80,000 மடல்கள் இருந்தால் அத்தனையும் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டப்பட்டு ஒரே நீளமான ஃபைலாகக் கிடக்கும். நம்ம ஊர்ப் பெரிய வீடுகளில் இரண்டாம் கட்டில் ஓர் அறை முழுக்கப் பாத்திரமும் பெட்டியுமாக அடைத்துப் பூட்டி வைத்திருப்பார்களே, அப்படி. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வாசலில் ஒரு பட்டியல். அந்தப் பட்டியல்தான் ஒவ்வொரு ஃபோல்டர் பக்கத்திலும் இருக்கிற எம்எஸ்எஃப் ஃபைல். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அந்தப் பட்டியல் முழுதாக மேஜைக்கு, அதாவது ரேமுக்கு வருகிறது. பட்டியல் நீளமாக இருந்தால் மேஜை நிறைகிறது.

நாம் ஒரு மடலை அழித்தால் என்ன ஆகிறது தெரியுமா? பட்டியலில் அந்த வரியை அடித்துவிடுகிறது. அவ்வளவுதான். அறைக்குள் பாத்திரம் அப்படியேதான் இருக்கிறது. அதை நிஜமாக வெளியேற்ற "காம்பேக்ட்" செய்ய வேண்டும். இவ்வளவு இடம் மிச்சமாகும், செய்யட்டுமா என்று அதுவே கேட்கும். மாமா அந்தக் கேள்விப் பெட்டியை விளம்பரம் என்று நினைத்து வருடக்கணக்கில் மூடிக்கொண்டே வந்திருக்கிறார்!

இதற்கு மேல் இன்னொரு பெரிய பட்டியல் உண்டு. 2009 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் எல்லா ஃபோல்டர்களையும் சேர்த்துத் தேடும் வசதி வந்தது. எந்தச் சொல் எந்த மடலில் என்று ஒரு சொல்லடைவு தயாரித்து வைத்துக்கொள்ளும். அருமையான வசதி. ஆனால் பெரிய கணக்கைப் புதிதாகச் சேர்த்தால் இந்த அடைவு போட மணிக்கணக்கில் ஆகும், அதுவரை பொட்டி மூச்சு வாங்கும். "சேர்த்த அன்னிக்கே இப்படின்னா!" என்று அன்றைக்கே திட்டிவிட்டு நிறுத்திவிடுவோம். மறுநாள் திறந்தால் மிச்சத்தைப் போட ஆரம்பிக்கும். மறுபடியும் நிறுத்துவோம். அச்சிலிருந்து எடுத்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவிடுவது மாதிரிதான் இதுவும். மாமா கல்லுக்குக் காட்டுகிற பொறுமையை மெயிலுக்குக் காட்டவில்லை.

படங்கள் கதை தனி. மின்மடல் என்பது எழுத்துகளை அனுப்பப் பிறந்தது. படத்தை அனுப்ப வேண்டுமென்றால் 3 பைட்டை 4 எழுத்தாக மாற்றித்தான் அனுப்பும். 9 எம்பி படம் மடலில் 12 எம்பி ஆகிவிடும். இது டிஸ்க் கணக்கு. ரேம் கணக்கு இன்னும் மோசம். 4000-க்கு 3000 புள்ளி உள்ள ஒரு போன் படத்தை முழு அளவில் திரைக்காக விரித்தால் புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்பி. டிஸ்கில் அது 4 எம்பிதான் என்பதெல்லாம் இங்கே செல்லாது. தண்டர்பேர்ட் மடலுக்குக் கீழேயே எல்லாப் படங்களையும் வரிசையாகக் காட்டும் இயல்புடையது. உடைந்த கல்லை எட்டு கோணத்தில் படம் எடுத்து அனுப்புகிற வாடிக்கையாளர் ஒருவர் போதும், மாமாவின் பொட்டியைச் சாய்க்க. அதையும் மாமா ஒவ்வொரு மடலாகத் தனித்தனி டேப்பில் திறந்து வைத்திருந்தார், 23 டேப். கேட்டால் "முடிக்காத வேலை மாப்ள, மூடினா மறந்துரும்" என்கிறார். நியாயம்தான். ஆனால் அதற்கு நட்சத்திரக் குறி என்று ஒன்று இருக்கிறதே.

சரி, விஷயத்துக்கு வருவோம். என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம்.

1. நகல். தண்டர்பேர்டை மூடிவிட்டு ப்ரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க் ஒன்றுக்கு காப்பி செய்தேன். உதவி மெனுவில் "ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்" போனால் அந்த ஃபோல்டர் எங்கே என்று காட்டும். ஏற்றுமதி என்று தனி வசதி ஒன்றும் இருக்கிறது, ஆனால் 2 ஜிபிக்கு மேலே போனால் அது உதவாது, கையால்தான் காப்பி செய்ய வேண்டும். இரண்டு மணி நேரம் ஆனது. மாமா "இன்னும் ஆரம்பிக்கலையா" என்று மூன்று தரம் கேட்டார். இதை முடிக்காமல் அடுத்த எண்ணுக்குப் போகாதீர்கள்.

2. ஆட்-ஆன் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது. அதே உதவி மெனுவில் "ட்ரபிள்ஷூட் மோடு" இருக்கிறது. ஷிஃப்ட் கட்டையை அழுத்திக்கொண்டு திறந்தாலும் வரும். இதில் எண் சட்டென்று இறங்கினால் குற்றவாளி ஏதோ ஓர் ஆட்-ஆன். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். மாமா விஷயத்தில் கொஞ்சம்தான் இறங்கியது. ஆக ஆட்-ஆன் நிரபராதி.

3. அளப்பது. அதே பக்கத்தில் "அபவுட்:மெமரி" என்று ஓர் இணைப்பு இருக்கும். அதில் "மெஷர்" பொத்தானை அழுத்தினால் ரேம் எங்கெங்கே போகிறது என்று கிளை கிளையாக மரம் போல விரித்துக் காட்டும். எல்லாம் புரியாது, எனக்கும் புரியவில்லை. பெரிய கிளை எது என்று மட்டும் பாருங்கள். ஒரு தரம் அளந்து சேமித்துவிட்டு, ஒரு மணி நேரம் சும்மா விட்டு மறுபடி அளக்க வேண்டும். முதலிலேயே பெரிதாக இருந்து அப்படியே நின்றால் அது குவியல். நேரம் ஆக ஆக வளர்ந்தால் அது கசிவு. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மாமாவுடையது முக்கால்வாசி குவியல்.

4. ஜிமெயிலின் இரட்டை வேடம். ஜிமெயிலில் ஃபோல்டர் கிடையாது, லேபிள்தான். ஆனால் ஐமேப் வழியாக வரும்போது ஒவ்வொரு லேபிளும் ஒரு ஃபோல்டராக வேஷம் போட்டுக்கொண்டு வரும். இன்பாக்ஸில் இருக்கிற மடல் "ஆல் மெயில்" ஃபோல்டரிலும் வரும், "இம்பார்ட்டன்ட்" ஃபோல்டரிலும் வரும். ஒரே மடலுக்குப் பட்டியல் போடுவது இரண்டு தரம், மூன்று தரம். ஜிமெயில் செட்டிங்ஸில் லேபிள் பக்கத்துக்குப் போய் "ஆல் மெயில்", "இம்பார்ட்டன்ட்" இரண்டுக்கும் "ஷோ இன் ஐமேப்" டிக்கை எடுத்துவிட்டேன். ஒரு எச்சரிக்கை: லேபிள் எதுவும் இல்லாமல் ஆர்க்கைவ் செய்த மடல்கள் "ஆல் மெயிலில்" மட்டும்தான் இருக்கும். டிக்கை எடுத்தால் அவற்றை இனி பிரவுசரில்தான் பார்க்க முடியும். மடல் எங்கும் போகாது, தண்டர்பேர்ட் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

5. எவ்வளவு இறக்குவது. ஐமேப் கணக்கில் எல்லா ஃபோல்டர்களிலும் எல்லா மடல்களையும் பொட்டிக்கு இறக்குவதுதான் தண்டர்பேர்டின் இயல்பு. கணக்கு செட்டிங்ஸில் அதை "கடந்த ஒரு வருடம் மட்டும்" என்று மாற்றினேன். இங்கேதான் ஒரு கண்ணிவெடி இருக்கிறது, கவனம். அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே "இத்தனை நாளுக்கு முந்தைய மடல்களை அழி" என்று இன்னொரு தேர்வு இருக்கும். அது நகலை மட்டும் அழிக்காது, சர்வரில் இருக்கிற மூலத்தையும் அழித்துவிடும். மேலே இருப்பது "இறக்காதே", கீழே இருப்பது "கொன்றுவிடு". இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்த புண்ணியவானை என்ன சொல்ல!

6. அறையைப் பிரிப்பது. பழைய பாப் கணக்கின் இன்பாக்ஸில் 11 வருட மடல்களும் ஒரே ஃபோல்டரில் கிடந்தன. தண்டர்பேர்டில் ஆர்க்கைவ் வசதி வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு அதுவே பிரித்து அடுக்கும். இந்த வருடத்து மடல்கள் மட்டும் இன்பாக்ஸில். பழைய வருடத்துப் பட்டியல், திறந்தால்தான் மேஜைக்கு வரும். அப்புறம் காம்பேக்ட். அதற்கு டிஸ்கில் காலி இடம் வேண்டும், புது நகல் எழுதிவிட்டுத்தான் பழையதை எறியும். உண்மையைச் சொன்னால் காம்பேக்ட்டால் மிச்சமானது பெரும்பாலும் டிஸ்க்தான். ரேமைக் குறைத்தது பிரித்து அடுக்கியதுதான்.

7. சில்லறை வேலைகள். 23 டேப்களையும் மூடி, அந்த மடல்களுக்கெல்லாம் நட்சத்திரம் போட்டேன். படங்களை மடலுக்குக் கீழே விரிப்பதை வியூ மெனுவில் நிறுத்தினேன். தேடல் அடைவைப் புதிதாகப் போட விட்டு ராத்திரி முழுக்க பொட்டியை அணைக்காமல் வைத்தேன். ஆன்டிவைரஸிடம் ப்ரொஃபைல் ஃபோல்டரை ஒவ்வொரு நிமிடமும் நோண்டாதே என்று சொல்லி வைத்தேன். ஏனென்றால் ஒரு புது மடல் வந்தாலும் முழு இன்பாக்ஸ் ஃபைலும் மாறியதாகத்தான் அதற்குத் தெரியும். ஏதோ ஒரு மடலில் வைரஸ் என்று நினைத்து முழு இன்பாக்ஸையே சிறையில் போட்டுவிடுகிற ஆபத்தும் உண்டு.

காலையில் 650 எம்பி. சாயங்காலம் வரை ஓட்டினால் 900-ஐ எட்டுகிறது, மூடித் திறந்தால் பழையபடி. ஒரு ரூபாய் செலவில்லை. மாமா பார்த்துவிட்டு "அப்ப ரேம் பத்துதா?" என்றார். பத்துது மாமா.

"ஆக எல்லாத் தப்பும் நம்ம மேலதான், புரோகிராம் எழுதியவர்கள் உத்தமர்கள்" என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிடாதீர்கள். 650-க்கும் 900-க்கும் நடுவில் இருக்கிற அந்த 250 அவர்கள் கணக்கு. அதைவிடப் பெரிய புகார் ஒன்று இருக்கிறது. பொட்டியில் எவ்வளவு ரேம் இருக்கிறது என்று புரோகிராமுக்குத் தெரியும். தெரிந்தும் 4 ஜிபி பொட்டியிலும் 64 ஜிபி பொட்டியிலும் ஒரே மாதிரி "எல்லாவற்றையும் இறக்கு, எல்லாவற்றுக்கும் அடைவு போடு" என்று ஆரம்பிப்பது என்ன நியாயம்? மைக்ரோசாஃப்ட் அவுட்லுக் 2013-லேயே எக்ஸ்சேஞ்ச் கணக்குகளுக்கு எத்தனை மாத மடல்களைப் பொட்டியில் வைக்கலாம் என்று ஒரு நகர்த்தும் பட்டை வைத்தது, வழக்கமாக 12 மாதம். கணக்கைச் சேர்க்கும்போதே ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "கடைசி ஒரு வருடம் போதுமா, எல்லாம் வேண்டுமா?" மாமா மாதிரி எத்தனையோ பேர் அங்கேயே பிழைத்திருப்பார்கள்.

புரோகிராம் எழுதுகிறவர்களின் மேஜையில் இருக்கிற பொட்டி வேறு, நம் வீடுகளில் இருக்கிற பொட்டி வேறு. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது வந்தவை 2 ஜிபி ரேம் உள்ளவை. அவற்றில் சில இன்னும் வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பாஸ்கல் மொழியைத் தந்த நிக்லாஸ் விர்த் 1995-லேயே எழுதிவிட்டார், வன்பொருள் வேகமாவதைவிட வேகமாக மென்பொருள் மெதுவாகிறது என்ற அர்த்தத்தில். முப்பது வருடம் தாண்டியும் அந்தக் கட்டுரைக்கு வயசாகவில்லை.

அதே நேரம் எப்படிப் புகார் சொல்வது என்பதற்கும் ஒரு நல்ல கதை இருக்கிறது. 2011 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 4 வந்தபோது அதற்கு ரேம் தின்னி என்று பெயர். "தின்னுது தின்னுது" என்று உலகமே திட்டியது. மொசில்லாவில் நிக்கலஸ் நெதர்கோட் என்பவர் முன்னின்று அந்த வருடம் "மெம்ஷ்ரிங்க்" என்று ஒரு வேலையை ஆரம்பித்தார். அளக்கிற கருவியை நுணுக்கமாக்கி, எந்தக் கிளை வளர்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றாக வெட்டினார்கள். அதே வருடம் செப்டம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 7 முந்தைய பதிப்பைவிடப் பல நேரங்களில் 20 முதல் 30 சதவீதம் குறைவான ரேமில் ஓடியது. 2012 ஆகஸ்டில் வந்த 15-ஆம் பதிப்பு ஆட்-ஆன்களால் வருகிற கசிவுகளில் பெரும்பகுதியை அடைத்தது. திட்டினதால் மட்டும் எதுவும் குறையவில்லை, அளந்ததால் குறைந்தது. தண்டர்பேர்டும் அதே எஞ்சினில்தான் ஓடுகிறது. நான் மாமா வீட்டில் அழுத்திய அந்த "மெஷர்" பொத்தான் அந்த வழியில் வந்ததுதான்.

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். 2012 ஜூலையில் மொசில்லா "இனி தண்டர்பேர்டில் புது வசதிகளுக்கு நாங்கள் பெரிதாக உழைக்கப் போவதில்லை" என்று கையை விரித்தது. அப்புறம் தன்னார்வலர்களும் நன்கொடையும்தான் அதைத் தாங்கினார்கள். 2020 ஜனவரியில்தான் அதற்கென்று மொசில்லா அறக்கட்டளையின் கீழ் தனி நிறுவனம் வந்தது. இப்படி ஓடுகிற ஒன்றுக்கு "உங்க புரோகிராம் மொக்கை" என்று ஒரு வரி எழுதிப் போடுவதைவிட, அளந்து சேமித்த அந்த அறிக்கையை அனுப்புவது நூறு மடங்கு உதவி. சேமிக்கும்போது "அனானிமைஸ்" டிக்கைப் போட்டால் நம் சொந்த விவரங்களை மறைத்துவிட்டுத்தான் எழுதும்.

இதையெல்லாம் ரூம்மேட்டிடம் போனில் சொன்னபோது அவன் கேட்டது: "இவ்ளோ கஷ்டம் எதுக்குடா? பிரவுசர்ல ஜிமெயிலைத் தொறந்தா முடிஞ்சது." முடியாது. பிரவுசர் டேப்பும் ரேமில்தான் உட்கார்ந்திருக்கிறது, பெயர்தான் குரோம் என்று மாறும். விண்டோஸோடு வந்த பழைய மெயில் புரோகிராமுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-ஓடு மூடுவிழா நடத்தியது. அதற்குப் பதிலாக வந்த புது அவுட்லுக், ஜன்னலுக்குள் ஓடுகிற ஒரு வலைப்பக்கம்தான். பாரத்தை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றுகிறோம், இறக்கி வைக்கவில்லை. நெட் போனால் கடிதமும் போகும் என்பது கூடுதல் போனஸ். நிஜமாகவே மெலிந்த புரோகிராம் வேண்டுமென்றால் க்ளாஸ் மெயில் மாதிரி இருக்கின்றன. ஆனால் அலங்கார மடல்களை அழகாகப் பார்க்க அது லாயக்கில்லை. எதையும் கொடுக்காமல் எதுவும் கிடைக்காது.

"ரேம் என்ன அவ்ளோ விலையா?" என்பது அடுத்த கேள்வி. ஏஐ சர்வர்களுக்காக வாங்கிக் குவித்ததில் 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது எல்லோருக்கும் தெரியும். அது கிடக்கட்டும், ரேம் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அளந்து, பிரித்து, அடுக்கி, அதற்கப்புறமும் பத்தவில்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். மாமா பொட்டிக்கு ரேமுக்கு முன்னால் எஸ்எஸ்டிதான் தேவை என்பது என் கணிப்பு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் புதுப் பொட்டி வாங்கவும் நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் அது பாதுகாப்புக் காரணம். அதை ரேம் தலையில் கட்டி, அவசரமாக ஃபார்மட் அடிக்கச் சொல்வதுதான் தப்பு. அளக்காமல் 8 ஜிபி போட்டிருந்தால் இரண்டு வருடத்தில் அந்தக் குவியல் அதையும் நிறைத்திருக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போயிருக்கிறீர்களா? நம் வீடுகளிலிருந்து போன தூண், கதவு, பெட்டி, பீங்கான் எல்லாம் அங்கே கடை கடையாக அடுக்கியிருக்கும். "அறையை அடைச்சுக்கிட்டு இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று ஒருநாள் யாரோ சொன்னதன் விளைவாகப் பாதி அங்கே வந்திருக்கும். அவற்றையாவது காசு கொடுத்துத் திரும்ப வாங்கலாம். ஃபார்மட் அடித்த டிஸ்கிலிருந்து போன கடிதத்தை எந்தத் தெருவில் போய் வாங்குவது? மாமாவின் பழைய மடல்களில் எந்த வீட்டுக்கு எந்தப் பூ, எந்த நிறம், என்ன அளவு என்று அத்தனையும் இருக்கிறது. ஒரு கல் உடைந்தால் அதே மாதிரி இன்னொன்று போட அந்த மடலைத்தான் தேட வேண்டும்.

சர்வீஸ் தம்பி சொன்னபடி மறுநாள் வரவில்லை, நம்ம ஊர்ப் பழக்கம்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் "கேட்காமல் ஃபார்மட் அடிக்கக் கூடாது" என்று எழுதி சிபியூ மேல் ஒட்டிவிட்டேன். ரேமுக்கு ஒதுக்கிய காசில் மாமா இன்னொரு வெளி டிஸ்க் வாங்கிவிட்டார். மாசம் ஒரு நகல், பீரோவுக்குள் பூட்டி.

இன்றைக்குச் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். டேப் 9. மறுபடி ஆரம்பித்துவிட்டார் :-)

டிஸ்கி: மிக்ஸி ரிப்பேருக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். அதில் அளக்கிற பொத்தான் கிடையாது.